மடக்கக்கூடாத கால்

அவன் கல்யாணத்தில் அவன் காலைக் கழுவியவன் நான். வெள்ளிச் செம்பில் தண்ணீர், தாம்பாளத்தில் இரண்டு பாதங்கள், விரல் இடுக்கில் சந்தனம். பெண்ணின் அண்ணன் செய்ய வேண்டிய வேலை அது. குனிந்தேன், கழுவினேன், துடைத்தேன். பதிலுக்கு அவன் என் விரலில் ஒரு மோதிரம் போட்டான். இறுக்கமாக இருந்தது, பந்தி முடிவதற்குள் சோப்பு போட்டுக் கழற்றிவிட்டேன். பல வருடம் கழித்து அதே வலது கால், பூட்ஸ் மாட்டிக்கொண்டு, என் இடது முட்டியைத் தேடி வந்தது.

தங்கை புருஷன். நேரில் மச்சான் என்கிறேன், வேறு வழியில்லை. மனதுக்குள் அவனுக்கு நான் வைத்திருக்கும் பெயர்களை எந்த அச்சகமும் ஏற்காது.

எங்கள் தோட்டம் இப்போது இல்லை. ரப்பர் பால்மரங்களைச் சாய்த்து எண்ணெய்ச் செம்பனை நட்டார்கள். பிறகு செம்பனையில் பாதியைப் பிடுங்கித் தாமான் என்னும் குடியிருப்பு வீடுகள் கட்டினார்கள். நாங்கள் ஈப்போவுக்கு வந்து சிலிபினிலும் சுற்றுவட்டாரத்திலும் சிதறிப்போனோம். தட்டுமுட்டுச் சாமான்களைவிடப் பத்திரமாக ஒன்றை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தோம்: மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் இடையே இருந்த பகை. மேட்டில் ஒரு வரிசை வீடுகள், பள்ளத்தில் ஒரு வரிசை வீடுகள், நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய். அவ்வளவுதான் வித்தியாசம். அதற்கு இத்தனை ஆயுள். வருடத்துக்கு ஒருமுறை, மிச்சம் இருக்கும் பழைய திடலில் கூடி, தொந்தியின் மேல் ஜெர்சியை இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு லயமும் பந்து விளையாடும். விளையாட்டு என்பது மரியாதைக்குச் சொல்வது.

நான் மேல் லயம். அவன் கீழ் லயம்.

அந்த வருட ஆட்டத்துக்கு முந்தின நாள் பெய்த மழை திடலில் அப்படியே நின்றிருந்தது. பந்து என்னிடம் வந்தது. திரும்பினேன். ரப்பர் காய் வெயிலில் வெடிக்குமே, அந்தச் சத்தம் என் முட்டிக்குள் கேட்டது. அடுத்த நொடி வானம் முழுக்க அவன் முகம். என் மேல்தான் கிடந்தான்.

"பந்துக்குத்தான் போனேன் மச்சான்! சத்தியமா பந்துக்குத்தான் லா!"

சுற்றிலும் கால்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முட்டி இளநீர்க்காய் மாதிரி ஊதியது. யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள், யாரோ தலைக்குக் கீழே செருப்பைச் சொருகினார்கள். எங்கள் ஆட்களுக்குக் கால் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம் தெரியும்.

"ஒண்ணும் இல்ல லா, சுளுக்கு. இழுத்து விட்டா சரியாயிடும்."

அதைச் சொன்னவன் அவன். என் குதிகாலைப் பிடித்தவனும் அவன். மேல் லயத்துக்காரர்கள் இரண்டு பேர், என் ஆட்கள், என் தோளை அமுக்கிக்கொண்டார்கள். இழுத்தான். நான் போட்ட கூச்சலில் செம்பனைக்குள் இருந்த பறவைகள் எழும்பின.

"கத்தினா எடுபடுதுன்னு அர்த்தம்," என்றான். இன்னொரு தடவை இழுத்தான்.

மருத்துவமனையில் டாக்டர் இளவயதுக்காரர். என்னைப் படுக்கவைத்து, முட்டியை மடித்து, பாதத்தின் மேல் லேசாக உட்கார்ந்துகொண்டு, கெண்டைக்காலைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். மேசை இழுப்பறை மாதிரி எலும்பு முன்னால் வந்தது. என் உடம்பில் அப்படி ஒரு இழுப்பறை இருந்தது எனக்குத் தெரியாது. அதை ஒரு அந்நியர் திறந்து பார்த்தது ரொம்பவும் அவமானமாக இருந்தது. ஸ்கேனிலும் அதுதான் தெரிந்தது. முட்டிக்குள் குறுக்காக ஓடி, தொடை எலும்பையும் கணைக்கால் எலும்பையும் பிடித்துவைக்கும் தசைநார் முழுதாக அறுந்துவிட்டது. யாராவது உதைத்தார்களா, நீங்களே திரும்பினீர்களா என்று மலாயில் கேட்டார். உதைத்தார்கள் என்றேன். பெரும்பாலும் யார் கையும் படாமலே, கால் ஊன்றித் திரும்பும்போதே அறுந்துவிடும் என்றார். உங்களைக் கேட்டேனா என்று நினைத்தேன்.

அதற்கு முன்பே வீடியோ வந்துவிட்டது. கீழ் லயத்தில் எவனோ கைப்பேசியில் எடுத்து, மெதுவாக ஓடும்படி செய்து, தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தான். என் பூட்ஸ் சேற்றில் புதைகிறது. உடம்பு திரும்புகிறது. கால் திரும்பவில்லை. முட்டி உள்பக்கம் சரிகிறது. அதற்குப் பிறகுதான் படத்தின் ஓரத்திலிருந்து அவன் கால் வருகிறது. கீழே வரிசையாகச் சிரிக்கும் மூஞ்சிகள். 'மேல் லயம் தானா விழுந்துச்சு' என்று ஒருவன் எழுதியிருந்தான். குழுவை விட்டு வெளியேறினேன். ஆனால் அதற்கு முன் அதை இறக்கி வைத்துக்கொண்டேன். எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். படம் தெளிவாகத்தான் இருக்கிறது. நான் நம்பவில்லை.

கோபத்தைத் தரையில் வைக்க முடியாது. அதற்கு ஒரு ஆள் வேண்டும். சேற்றின் மேல் எத்தனை நாள் கோபப்படுவது?

உடனே அறுப்பார்கள் என்று நினைத்தேன். இல்லை. வீக்கம் வடிய வேண்டும், கால் முழுக்க நீள வேண்டும், மடங்க வேண்டும், அப்புறம்தான் கத்தி என்றார்கள். காத்திருந்தேன். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் எண்ணைக் குறித்துவருவது என் வேலை. ஓய்வில் எழுதவும் செய்வேன், நடப்பதுதான் அந்த எழுத்தும். நடக்காவிட்டால் எனக்கு ஒரு வரி வராது. என்னை அலுவலகத்தில் நாற்காலி ஒன்றில் உட்காரவைத்து, பில் அதிகமாக வந்தவர்களின் திட்டைத் தொலைபேசியில் வாங்கச் சொன்னார்கள். காலையிலிருந்து மாலைவரை திட்டு. ஜன்னலுக்கு வெளியே சுண்ணாம்பு மலை. அதுவும் நகராது, நானும் நகர மாட்டேன். இரண்டு பேரும் முறைத்துக்கொண்டோம்.

ஒருவழியாக அறுத்தார்கள். என் தொடையின் பின்பக்கத்திலிருந்தே ஒரு நாரை உருவி, எலும்பில் துளை போட்டு, பழைய தசைநார் இருந்த இடத்தில் இழுத்துக் கட்டித் திருகாணி முடுக்கினார்கள். என் வீட்டுக் கொடிக்கயிற்றை அவிழ்த்து என் வீட்டுக் கிணற்றிலேயே கட்டியதுபோல. கண் விழித்தபோது காலில் இரும்புக் கீல் வைத்த கவசம் ஒன்று பூட்டியிருந்தது. கட்டிலின் கால்மாட்டில் அவன் நின்றிருந்தான், கையில் ஒரு தைலப் புட்டியோடு.

"வேணும்னா லேசா உருவி விடவா மச்சான்?"

"இந்தக் காலத் தொட்ட, கைய ஒடச்சிருவேன்."

"கோவம் வருது. அப்பன்னா தெம்பு வந்துருச்சு லா," என்று தங்கையிடம் சொன்னான்.

கால் பயிற்சி தர வந்தவள் பாரிட் புந்தார் ஊர்ப் பெண். இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும். என்னைப் பார்த்ததும் 'அங்கிள்' என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகவே அவளையும் வெறுக்கத் தொடங்கினேன். அந்த அறையில் ஒரு நீளக் கண்ணாடி, கைப்பிடிக் கம்பிகள், சுவரில் தொங்கும் வண்ண வண்ண ரப்பர் பட்டைகள். மஞ்சள் இலகுவானது, சிவப்பு முரடு, பச்சை அதைவிட முரடு. என் வம்சம் பால் வெட்டியே முதுகு வளைந்தது. மிச்சம் இருந்த என்னையும் ரப்பர் விடவில்லை, பட்டையாக வந்து கணுக்காலைப் பிடித்து இழுத்தது.

முதல் பாடம் பார்க்கக் கேவலமானது. முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டு. முட்டியால் அதைக் கீழே அமுக்க வேண்டும், தொடைச் சதை இறுக வேண்டும். ஒரு குழந்தை செய்துவிடும். என் தொடை கேட்கவே இல்லை. சில வாரங்களில் அது அவிந்த கத்திரிக்காயாகச் சூம்பிப் போயிருந்தது. மூளையிலிருந்து உத்தரவு போகிறது, தொடை சும்மா கிடக்கிறது.

"நசுக்குங்க அங்கிள். யார் மேல கோவமோ, அவங்கதான் இந்தத் துண்டுன்னு நெனச்சி நசுக்குங்க."

நசுக்கினேன். தொடை துடித்தது. முதல் தடவையாகச் சதை கல்லாக எழும்பியது.

"அம்மாடி! யார் அங்கிள் அது?"

"தங்கச்சி புருஷன்."

"நல்லவரு. அவர விட்டுறாதீங்க. வீட்டுலயும் அவரயே நெனைங்க."

அப்படித்தான் நடந்தது. அன்பால் குணமானவர்களைப் பற்றி ஏராளமாகப் படித்திருக்கிறேன். என் தொடைச் சதை பகையைத் தின்று வளர்ந்தது. துண்டை நசுக்கும்போது அவன் முகம். சுவரில் முதுகைச் சாய்த்துக் கீழே இறங்கும்போது அவன் குரல். குதிகாலை உயர்த்தி வைத்து முட்டியைத் தானாகத் தொங்கவிடும்போது, கண்ணில் நீர் முட்டும் அந்த நேரத்தில், 'தானா விழுந்துச்சு' என்ற வரி. ஊன்றுகோல் ஒன்றானது, பிறகு அதுவும் மூலைக்குப் போனது. வலி குறைந்தது. ஒரு காலைப்பொழுதில் தாமான் முழுவதும் நடந்து வந்துவிட்டு அவளிடம் பெருமையாகச் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. "இப்பத்தான் அங்கிள் பயம்."

"வலியே இல்லையே."

"அதான் பயம். உள்ள வச்ச நாருக்கு இன்னும் ரத்த ஓட்டம் வரல. உடம்பு அத அரிச்சி அரிச்சி புதுசா கட்டும். வச்ச அன்னிக்கு இருந்த பலம்கூட இப்ப அதுக்கு இல்ல. உங்களுக்கு நல்லாயிட்ட மாதிரி இருக்கும், நாரு நூலா இருக்கும். இந்த நேரத்துல ஓடுறேன், குந்துறேன், முறுக்குறேன்னு ஏதாச்சும் பண்ணி பிச்சிக்கிட்டீங்க, எல்லாம் திரும்ப மொதல்லேருந்து."

வலி போன பிறகுதான் ஆபத்து என்பது என் ஆட்களுக்கு விளங்காத கணக்கு. எங்களுக்கு நொண்டினால் நோயாளி, நொண்டாவிட்டால் நடிப்பு.

அந்த நேரம் பார்த்துத்தான் தங்கை கூப்பிட்டாள். குழந்தைக்குக் காது குத்த நாள் பார்த்தாயிற்று. ஐயர் கொடுத்த நாள். மனதுக்குள் கணக்குப் போட்டேன். பயிற்சிக்காரி சொன்ன 'நூலா இருக்கும்' காலத்தின் நட்டநடுவில் வந்து விழுந்தது.

"உன் மடியிலதான் அண்ணே. நீதான அவளுக்கு ஒரே மாமன்."

தங்கைக்குக் கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளை இல்லை. எத்தனை கோயில், எத்தனை ஆஸ்பத்திரி. எல்லாரும் கைவிட்ட பிறகு வந்து பிறந்தவள் அந்தப் பெண். எனக்கு மனைவியும் இல்லை, பிள்ளையும் இல்லை. என்னை ஒரு சடங்கில் கூப்பிட்டு நடுவில் உட்காரவைக்கும் சொந்தம் உலகத்தில் அந்த ஒரு மொட்டைத் தலைக்கு மட்டும்தான் உண்டு. தாய்மாமன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிள்ளையை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ள, ஆசாரி காது குத்துவார். ஒரே ஒருமுறை. அதற்கு மறு தவணை கிடையாது.

தொலைபேசியில் தங்கைக்குப் பின்னாலிருந்து அவன் குரல் கேட்டது. "சம்மணம் போட முடியுமான்னு கேளு. முடியலன்னா தாப்பா, பரவால்ல, ஆயர் தாவார் தம்பி இருக்கான்ல."

ஆயர் தாவாரில் இருக்கும் தம்பி என் பெரியம்மா மகன். செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறான். நல்லவன், அதனாலேயே ஆபத்தானவன். முறைக்கு அவனும் மாமன்தான்.

"நாற்காலியில உக்காந்து வச்சிக்கிறேன்," என்றேன்.

அவனே போனை வாங்கினான். "நாக்காலியில உக்காந்தா அது மடியா மச்சான், பஸ் சீட்டா?"

"ஒன்னாலதான நான் தரையில உக்கார முடியல?"

"வீடியோ பாக்கலியா? இன்னொருக்கா அனுப்பவா?"

போனை வைத்துவிட்டேன். சுவர் பக்கம் போய் முதுகைச் சாய்த்து இறங்கினேன். அன்றைக்கு அதிக நேரம் தாக்குப்பிடித்தேன்.

மறுபடி பயிற்சிக்குப் போனபோது அவளிடம் கேட்டேன். "சம்மணம் போட்டா என்னாவும்?"

"போடுங்க. பிஞ்சா என்கிட்ட வராதீங்க."

விஷயத்தைச் சொன்னேன். அவள் கையில் இருந்த பச்சைப் பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பாயை விரித்தாள். கவசத்தை நேராகப் பூட்டி, இடது காலை முழுக்க நீட்டி, குதிகாலுக்கு அடியில் துண்டு கொடுத்தாள். வலது காலை மட்டும் மடிக்கச் சொன்னாள். மடிந்த வலது தொடையில் ஒரு மணல் மூட்டையை வைத்தாள்.

"இதான் உங்க மருமக. இந்தக் கால் இப்படியே நீளமா கெடக்கட்டும். முறுக்கக் கூடாது, மடக்கக் கூடாது. பிள்ளைய எறக்கிட்டுதான் எழும்பணும். பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு வச்சிக்குங்க, அதப் புடிச்சி, நல்ல முட்டிய ஊணி எழும்புங்க. பிள்ளையோட வீரம் காட்டாதீங்க."

"கால நீட்டிக்கிட்டு சபையில உக்காருறதா?"

"அது உங்க பாடு. நான் முட்டிக்குத்தான் பொறுப்பு, மரியாதைக்கு இல்ல."

சிலிபினில் ஒரு சின்னக் கோயிலின் பக்கத்து மண்டபம். நான் போனபோது விரித்த பாயில் ஆயர் தாவார் தம்பி புது ஜிப்பாவோடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். ஜிப்பாவின் மடிப்புக்கூட இன்னும் கலையவில்லை. பக்கத்தில் தங்கை புருஷன் தாம்பாளத்தோடு நின்று, என்னைப் பார்த்ததும் வாழைப்பழத்தை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டான்.

"எந்திரி," என்றேன் தம்பியிடம்.

"இல்லண்ணே, ஒங்க காலு சுசாவாச்சே, மடக்க கஷ்டமாச்சேன்னு மச்சான்தான்..."

"எந்திரி டா."

எழுந்தான். அவனுக்கு நிம்மதிதான். நேராகச் சமையல் வாசம் வந்த பக்கம் போய்விட்டான். நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, அதைப் பிடித்து, வலது முட்டியை ஊன்றி, இறங்கி உட்கார்ந்து, இடது காலை நீட்டினேன்.

அப்போதுதான் ஆரம்பித்தது. நீட்டிய கால் சன்னதிக்கு நேராக இருந்தது. ஐயர் உச்சுக்கொட்டினார். பிருஷ்டத்தை நகர்த்தித் திரும்பினேன். இப்போது கால் கிழவிகளின் வரிசையைப் பார்த்தது.

"ஐயையோ, பெரியவங்க பக்கம் நீட்றியே!"

இன்னும் கொஞ்சம் திரும்பினேன். வாசல். "வாசப் பக்கம் வேணாம் தம்பி, வர்றவங்களுக்கு ஆவாது." மறுபடி திரும்பினேன். குத்துவிளக்கு. மண்டபமே என் பாதத்துக்குப் பயந்து ஒதுங்கியது. சேலைகளை இழுத்துக்கொண்டார்கள், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டார்கள். கடைசியில் ஒரே ஒரு திசை மிச்சம் இருந்தது. பிள்ளையின் தகப்பன் தாம்பாளத்தோடு உட்கார வேண்டிய இடம்.

காலை அங்கே நிறுத்தினேன்.

"நான் அங்கதான் உக்காரணும்," என்றான் அவன்.

"உக்காரு."

"ஒன் காலு இருக்கு."

"என் காலுக்கு என்னா ஆச்சுன்னு ஒனக்குத்தான் தெரியுமே."

"நேரம் போவுது, உக்காருங்க," என்றார் ஐயர். உட்கார்ந்தான். என் உள்ளங்கால் அவன் தாடைக்கு எதிரே நின்றது. காலையில் நன்றாகத் தேய்த்துக் கழுவியிருந்தேன். அவன் பாதத்தை ஒரு காலத்தில் எவ்வளவு சுத்தமாகக் கழுவினேனோ, அவ்வளவு சுத்தமாக.

குழந்தையைக் கொண்டுவந்து வலது தொடையில் வைத்தார்கள். மழித்த தலையில் சந்தனம். மணல் மூட்டையைவிடக் கனம், மணல் மூட்டையைவிடச் சூடு. அவள் கண் முதலில் கவசத்தின் ஒட்டுப்பட்டையைக் கண்டது. பிடித்து இழுத்தாள். 'பர்ர்ர்' என்றது. சிரித்தாள். மறுபடி ஒட்டிக் கொடுத்தேன், மறுபடி இழுத்தாள். அந்தச் சிரிப்பின் நடுவில் ஆசாரி வலது காதைக் குத்திவிட்டார்.

சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு மண்டபம் அதிரும் அழுகை. இரண்டு சின்னக் கால்களும் உதைக்கத் தொடங்கின, எங்கே உதைக்கக் கூடாதோ அங்கே. முதல் உதை கவசத்தின் கீலில் பட்டது. இரண்டாவது முட்டியின் உள்பக்கம். எனக்கு வியர்த்துக் கொட்டியது.

"அப்பாக்காரரே, பிள்ள கால புடிங்க!" என்றார் ஆசாரி.

தாம்பாளத்தைத் தள்ளிவிட்டு அவன் முட்டி போட்டு முன்னால் வந்தான். ஒரு கையால் குழந்தையின் காலைத் தேடினான். இன்னொரு கையை நிதானத்துக்காக ஊன்றினான். ஊன்றிய இடம் என் கெண்டைக்கால், முட்டிக்குச் சற்றுக் கீழே. கல்குவாரியில் இயந்திரம் ஓட்டுகிற கை. உடம்பின் பாரத்தைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தால் போதும். உள்ளே நூலாக இருப்பது அறுந்தே போய்விடும். அவனுக்கும் அது தெரிந்தது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான்.

"இங்கயா அறுத்தாங்க?"

"அழுத்தின, இங்கயே கொன்னுருவேன்."

"பந்துக்குத்தான் லா போனேன்."

"பிள்ள கால ஒழுங்கா புடி."

கையை எடுத்தான். எடுத்த கையை மடக்கி, முழங்கையைத் தரையில் ஊன்றி, என் முட்டியின் மேல் படாமல் ஒரு கூரை மாதிரி நிறுத்தினான். அடுத்த காதைக் குத்தியபோது விழுந்த உதைகள் எல்லாம் அவன் கையில் விழுந்தன. பொத் பொத்தென்று சத்தம் எனக்குக் கேட்டது. நான் அவனைப் பார்க்கவில்லை. குழந்தையின் மொட்டைத் தலையில் கன்னத்தை வைத்துக்கொண்டு, "முடிஞ்சிச்சுடா, முடிஞ்சிச்சு," என்று சொல்லிக்கொண்டிருந்தேன். முடிந்தது. என் மடியில்தான் முடிந்தது.

தங்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். நான் எழும்ப வேண்டும். பக்கத்தில் வைத்த நாற்காலியைக் காணோம். அதில் ஒரு கிழவி உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். அவன் எழுந்து கையை நீட்டினான். அந்தக் கையை நான் பிடிக்கவில்லை.

"குனி," என்றேன்.

குனிந்தான். அவன் தோளில் உள்ளங்கையை வைத்து, வலது முட்டியை ஊன்றி, என் பாரம் முழுவதையும் அவன் மேல் இறக்கி எழுந்தேன். தேவைக்கு மேலேயே அழுத்தினேன். வேண்டுமென்றேதான். அவன் தோள் சரிந்தது, தாம்பாளத்தின் மேல் விழப் பார்த்தான்.

"அடேய் மச்சான், மெதுவா லா! தோளு!"

"ஒண்ணும் இல்ல லா, சுளுக்கு," என்றேன். "இழுத்து விட்டா சரியாயிடும்."